நுரையீரல் தழும்பு நோய்க்கு ஸ்டீராய்டு: ஒப்புக்கொள்ளும் முன் எடைபோட வேண்டியவை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இளைப்புக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கினால் அது பெரும்பாலும் இரண்டு மாநிலங்களிலும் நடக்கும். முதலில் பக்கத்து கிளினிக், பிறகு பாலக்காடு, அங்கும் தீராவிட்டால் கோவை. ஸ்கேன் எடுத்து நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஓரிடத்தில் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். இன்னோரிடத்தில் அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பார்கள். வீட்டார் குழம்புவது இந்த இடத்தில்தான். இருவரில் ஒருவர் தவறாகத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனென்றால் நுரையீரல் தழும்பு என்பது ஒரே நோயின் பெயர் அன்று. அந்தப் பெயருக்குள் அடங்கும் நோய்கள் நூற்றுக்கும் மேல். அவற்றில் சிலவற்றுக்கு ஸ்டீராய்டு முதல் மருந்து, சிலவற்றுக்கு அதுவே கேடு.

ஸ்டீராய்டு செய்யும் வேலை அழற்சியைத் தணிப்பது. ஏற்கெனவே இறுகிப்போன தழும்பை அது கரைக்காது. அடுப்பில் தணல் இருக்கும்வரை தண்ணீர் தெளிப்பதில் பொருள் உண்டு; எரிந்து முடிந்த விறகை எந்தத் தண்ணீரும் மீட்காது. ஆகவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஸ்டீராய்டு நல்லதா கெட்டதா என்பதை அல்ல. “டாக்டர், இந்த நுரையீரலில் அழற்சி எவ்வளவு, தழும்பு எவ்வளவு? நோயின் பெயர் என்ன?” என்று கேளுங்கள். இதற்குப் பதில் கிடைக்கும் முன் மாதக்கணக்கில் மாத்திரை தொடர்வதற்கு, அவசர நிலைமை தவிர, நியாயம் குறைவு.

நோயின் பெயர் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்

காரணம் கண்டுபிடிக்க முடியாத, பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் தழும்பு நோயை ஐ.பி.எஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். புகைபிடித்த ஆண்களிடம் இது அதிகம். பல ஆண்டுகள் இதற்குப் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் அசாதியோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த பாந்தர் என்ற ஆய்வு அந்த மூன்று மருந்துக் கூட்டை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. மருந்து எடுத்தவர்களிடையே இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடுதலாக இருந்ததால் 2011இல் அந்தப் பிரிவை இடையிலேயே நிறுத்தினார்கள். முடிவுகள் 2012இல் வெளியாயின. அதன் பிறகு ஐ.பி.எஃப் என்று உறுதியானவருக்குத் தொடர்ந்து ஸ்டீராய்டு கொடுப்பதை உலகளாவிய வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. திடீரென்று மூச்சுத் திணறல் முற்றி மருத்துவமனையில் சேர்க்கும் நிலை மட்டும் வேறு. அப்போது வேறு வழி குறைவு என்பதால் ஸ்டீராய்டு ஊசியை முயன்று பார்ப்பது உண்டு, ஆனால் அதற்கான சான்றும் வலுவானதல்ல.

மறுபுறத்தில், நுரையீரலில் சிறு அழற்சிக் கட்டிகள் தோன்றும் சார்காய்டோசிஸ், காற்றறைகளை அழற்சித் திசு அடைக்கும் ஆர்கனைசிங் நிமோனியா போன்றவை பெரும்பாலும் ஸ்டீராய்டுக்கு நன்றாகவே இணங்கும். முடக்குவாதம், தசை அழற்சி போன்ற தன்னெதிர்ப்பு நோய்களோடு வரும் தழும்பில் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பார்கள். ஸ்கிளீரோடெர்மாவில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தோல் இறுகுவதும் குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாவதும் அதன் அடையாளங்கள். அந்த நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் இரத்த அழுத்தம் திடீரென எகிறிச் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம் கூடுகிறது. கல் குவாரியிலும் கிரஷரிலும் வேலை பார்ப்பவர்களுக்குக் கல்தூசால் வரும் சிலிகோசிஸுக்கும், பழைய காசநோய் விட்டுச்சென்ற தழும்புக்கும் ஸ்டீராய்டால் பயனில்லை. காசநோய் கிளம்பும் ஆபத்து மட்டும் மிஞ்சும்.

நம் பகுதியில் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த இரு பக்கங்களுக்கும் நடுவில் நிற்கும் ஒரு நோய்: மூச்சில் போகும் பூஞ்சைத் தூசு, பறவைத் தூசு ஆகியவற்றுக்கு நுரையீரல் ஒவ்வாமை காட்டி, நாளடைவில் தழும்பாகும் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ். இந்தியாவின் பத்தொன்பது நகரங்களில் 1,084 நோயாளிகளைப் பதிவு செய்து 2017இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, துல்லியமாக 47.3 சதவீதத்தினருக்கு, இந்த நோயே இருந்தது. அவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்கள் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள். கோடையில் பாலக்காட்டின் வெயிலை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. கூலரின் புல் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். அடிப்பகுதியில் கறுப்பாகவும் பச்சையாகவும் வழவழப்பு படிந்திருந்தால், இரவு முழுவதும் அந்த அறையில் வீசியது அதன் மேலிருந்து வந்த காற்று. மாடியில் புறாக்கூண்டு, மழையில் நனைந்து மக்கிய வைக்கோல், பூஞ்சணம் பிடித்த கொப்பரை, கோழிப்பண்ணை, ஓதம் ஏறிய சுவர் ஆகியவற்றையும் நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். காரணத்தை அகற்றாமல் ஸ்டீராய்டு மட்டும் எடுப்பது வீண். அகற்றிய பிறகு, நோய் புதிதாக இருந்து அழற்சி மிகுந்திருந்தால், சில மாத ஸ்டீராய்டு நல்ல பலன் தரக்கூடும். தழும்பு முற்றிவிட்டிருந்தால் பலன் சுருங்கும்.

இதோடு, இதுவரை எடுத்த எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோக வேண்டும். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வராமல் இருக்க நீண்ட நாள் கொடுக்கும் நைட்ரோஃபியூரன்டாயின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் போன்றவையே நுரையீரலைக் கெடுத்திருக்கலாம்.

ஸ்கேனும் மூச்சு அளவும்

சாதாரண எக்ஸ்ரே போதாது, எச்.ஆர்.சி.டி என்ற மெல்லிய வெட்டு ஸ்கேன் தேவை. அறிக்கையில் நுரையீரலின் அடிப்பகுதி ஓரங்களில் ‘தேன்கூடு’ போன்ற குழிகள் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் முற்றிய தழும்பு. ‘கண்ணாடி மங்கல்’ என்று இருந்தால் அழற்சியாக இருக்கலாம், ஆனால் அந்த இடத்திலேயே மூச்சுக் குழாய்கள் இழுபட்டு விரிந்திருந்தால் அந்த மங்கலும் நுண்ணிய தழும்பாகவே இருக்கக்கூடும். ஆகையால் அறிக்கைத் தாளை மட்டும் நீட்டாமல் படங்களையும் குறுந்தகட்டையும் கொண்டுபோய், நுரையீரல் மருத்துவரும் ஸ்கேன் மருத்துவரும், தேவைப்பட்டால் மூட்டுவாத மருத்துவரும் சேர்ந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். எல்லை தாண்டி மருத்துவம் பார்ப்பவர்கள் பழைய படங்களைத் தொலைப்பது சாதாரணமாகிவிட்டது. ஈராண்டுக்கு முந்தைய ஸ்கேன் கையில் இருந்தால் நோய் நகரும் வேகம் அதிலேயே தெரிந்துவிடும்.

எஃப்.வி.சி என்ற மூச்சுக் கொள்ளளவு, வாயு கடக்கும் திறனைக் காட்டும் டி.எல்.சி.ஓ, ஆறு நிமிட நடைச் சோதனையில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்பது ஆகிய மூன்றையும் மருந்து தொடங்கும் முன் எடுத்துவிட வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே பசி எடுக்கும், இருமல் தணியும், உடம்பில் தெம்பு வந்ததுபோல் இருக்கும். நுரையீரலில் எந்த மாற்றமும் இல்லாதபோதுகூட இது நடக்கும். முன்பு எடுத்த அளவு கையில் இல்லையென்றால் இந்தத் தெம்பை நம்பியே மாதங்கள் ஓடிவிடும்.

தொடங்குவதென்றால்

முதல் மாத்திரைக்கு முன் சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் அழுத்தம், ஹெபடைடிஸ் பி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று உறுதிசெய்வது மிக முக்கியம். வயலில் வெறுங்காலோடு வேலை பார்த்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு எந்தத் தொல்லையும் தராமல் பல ஆண்டுகள் குடலில் இருக்கும். ஸ்டீராய்டு எடுத்தால் பெருகி உடலெங்கும் பரவி உயிரையே எடுக்கக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையில் தீரும் விஷயம் இது. பல சீட்டுகளில் இந்தக் கேள்வியையே காண முடிவதில்லை.

அடுத்து, எவ்வளவு நாளுக்கு என்பதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதி வாங்குங்கள். “இரண்டு மூன்று மாதம் கழித்து எந்த அளவைப் பார்த்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று முடிவு செய்வீர்கள்?” என்பது நியாயமான கேள்வி; நல்ல மருத்துவர் எவரும் இதற்குக் கோபிக்க மாட்டார். எஃப்.வி.சி பத்து சதவீதம் அளவுக்குக் கூடினாலோ குறைந்தாலோ அது உண்மையான மாற்றம். இரண்டு மூன்று சதவீதம் என்பது ஊதும் விதத்திலேயே வந்துபோகும். அளவு முன்னேறாமல், ஸ்கேனிலும் தழும்பே மேலோங்கி இருந்தால், படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

மாத்திரையைக் காலையில், சாப்பிட்ட பிறகு எடுப்பது வழக்கம். அப்படி எடுப்பவருக்குச் சர்க்கரை ஏறுவது பெரும்பாலும் மதியத்துக்குப் பின்னரும் மாலையிலும்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது. கால்சியம், வைட்டமின் டி தேவையா, எலும்புத் தேய்மானத்துக்குத் தனி மருந்து வேண்டுமா என்று கேளுங்கள். நாளுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு மாதத்தைத் தாண்டுவதாக இருந்தால், ஒரு வகை நிமோனியாவைத் தடுக்க கோட்ரைமாக்சசோல் கொடுக்கலாமா என்பதும் கேட்கத்தக்கது. வாரம் ஒருமுறை, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். தொடைத் தசை தளர்வது ஸ்டீராய்டின் பக்கவிளைவு; படியேற முடியவில்லை என்பதை நுரையீரல் கெட்டுவிட்டதாக எண்ணி மருந்தின் அளவைக் கூட்டினால் தளர்ச்சி இன்னும் கூடும்.

ஒரே மருந்து, வேறு வேறு பெயர்கள்

கோவையில் எழுதிய சீட்டுக்கு வேலந்தாவளத்தில் மருந்து வாங்கும்போது வேறு கம்பெனிப் பெயர் கிடைப்பது இயல்பு. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நுரையீரல் மருத்துவர் பிரெட்னிசோலோன் எழுதியிருப்பார். மூட்டுவலிக்குப் பார்த்த இன்னொருவர் டெஃப்லாசாகார்ட் எழுதியிருப்பார். ஒரே டப்பாவில் வைசோலோன் அட்டையும் டெஃப்கார்ட் அட்டையும் கிடக்கும், இரண்டும் ஸ்டீராய்டு என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம், மெத்தில்பிரெட்னிசோலோன் 4, டெஃப்லாசாகார்ட் 6, டெக்சாமெத்தசோன் 0.75 ஆகியவை ஏறக்குறைய ஒரே வலிமை உடையவை. எண் சிறிதாக இருப்பதால் மருந்து லேசானது என்று நினைக்க வேண்டாம். அட்டையின் பின்புறம் உள்ள மருந்தின் சொந்தப் பெயரைப் படித்து, தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி, எந்த மாநில மருத்துவரிடம் போனாலும் அதையே முதலில் காட்டுங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் இளைப்புக்குக் கொடுக்கும் பொடியையும் மாத்திரையையும் இதோடு சேர்த்து எடுக்கவே கூடாது. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிய செய்தி அன்று. உறிஞ்சும் இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு வேறு கணக்கு. ஆஸ்துமாவோ புகையால் வந்த மூச்சுக் குழாய் அடைப்போ சேர்ந்திருந்தால் உதவும், தழும்புக்கு உதவாது.

மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்துபோயிருக்கும் என்பதால், திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு வரும். ஹர்த்தால் அறிவித்த நாளில் பஸ் இல்லை, மாத்திரை தீர்ந்துவிட்டது என்ற நிலை வரக் கூடாது. பத்து நாள் மாத்திரை எப்போதும் கைவசம் இருக்கட்டும். கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, விபத்து என்றால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், அதைப் பார்க்கும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே ஸ்டீராய்டு எடுப்பதைச் சொல்ல வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் அன்றே ஊசிக்குப் போக வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

ஸ்டீராய்டு வேண்டாம் என்று முடிவானால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருளல்ல. தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும் பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் ஆகிய இரண்டும் அமெரிக்காவில் 2014இல் ஐ.பி.எஃப் நோய்க்கு அனுமதி பெற்றவை, இங்கும் கிடைக்கின்றன. வேறு காரணங்களால் வந்து தொடர்ந்து முற்றும் தழும்புக்கும் நின்டெடனிப் பயன்படுவதை 2019இல் வந்த ஆய்வு காட்டியது. இவையும் வந்த தழும்பை அழிப்பதில்லை. பிர்ஃபெனிடோன் எடுப்பவருக்கு வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும் என்பதால், தென்னந்தோப்பிலும் வயலிலும் வேலை செய்பவர் அதை மருத்துவரிடம் சொல்லித் தேர்ந்தெடுப்பது நல்லது. நின்டெடனிப் வயிற்றுப்போக்கைத் தரும், இரண்டுக்கும் ஈரல் சோதனை அவ்வப்போது வேண்டும். இவற்றின் விலை ஸ்டீராய்டைப்போல் பல மடங்கு. மாதச் செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஓராண்டுக்குத் தொடர முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டே தொடங்குங்கள். ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி, ஆக்சிஜன் இறங்குபவருக்கு வீட்டு ஆக்சிஜன் ஆகியவை எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே நடக்க வேண்டியவை. தகுதியுள்ளவர்கள் நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை பற்றி நோய் முற்றும் முன்பே கேட்டு வைக்க வேண்டும். அதற்கான பரிசோதனைகளுக்கும் காத்திருப்புக்கும் காலம் பிடிக்கும், அதிக அளவில் நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு அங்கேயும் ஒரு தடையாக வந்து நிற்கும்.