பஞ்சபட்சி பார்க்கத் தொடங்குவோருக்கு: உதயத்தைச் சரியாகப் பிடிக்கும் முறை

ஐந்து பறவைகளைக் கொண்டு ஒரு செயலுக்கு உகந்த நேரம் குறிக்கும் கலை பஞ்சபட்சி. சித்தர் மரபில் அகத்தியர் பெயராலும் போகர் பெயராலும் வழங்கிவரும் இந்தச் சாஸ்திரத்தைப் பெரியப்பாவிடம் கற்றுக்கொண்டேன். "பட்சி தெரிந்தவனைப் பகைத்துக்கொள்ளாதே" என்று ஊரில் சொல்வார்கள். அந்த அளவுக்கு மதிக்கப்படும் கலையில் தொடக்கக்காரர் பலர் முதல் கணக்கிலேயே தடுக்கி விழுகிறார்கள். நானும் அப்படி விழுந்தவன் என்பதால் அந்த இடத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டு உங்கள் பட்சியை அறிந்துகொள்ள வேண்டும். வளர்பிறையில் பிறந்தவர்களுக்கு அசுவினி முதல் மிருகசீரிடம் வரை வல்லூறு, திருவாதிரை முதல் பூரம் வரை ஆந்தை, உத்திரம் முதல் விசாகம் வரை காகம், அனுஷம் முதல் உத்திராடம் வரை கோழி, திருவோணம் முதல் ரேவதி வரை மயில். தேய்பிறையில் பிறந்தவர்களுக்கு இதே ஐந்து தொகுதிகளும் முறையே மயில், கோழி, காகம், ஆந்தை, வல்லூறு என்று தலைகீழாக அமையும். நடுவில் நிற்கும் காகம் மட்டும் மாறாது. பிறந்தபோதிருந்த பிறையைக் கொண்டு குறித்த இந்தப் பட்சி வாழ்நாள் முழுவதும் அதுவே. இன்று தேய்பிறை என்பதற்காக அதை மாற்றிவிடக் கூடாது. இன்றைய பிறை, இன்றைய தொழில் அட்டவணைக்கு மட்டுமே உரியது. நட்சத்திரம் மாறும் வேளையில் பிறந்தவர்கள் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது தொழில், அதாவது அந்தந்த நேரத்தில் பட்சி செய்வதாகக் கொள்ளப்படும் செயல். ஊண், நடை, அரசு, துயில், சாவு என்பவை ஐந்து தொழில்கள். அரசு மிக வலிமையானது, ஊண் அதற்கடுத்தது, நடை நடுத்தரமானது, துயிலும் சாவும் தவிர்க்க வேண்டியவை. சூரிய உதயத்தில் தொடங்கும் பகல் ஐந்து சாமங்களாகவும் இரவு ஐந்து சாமங்களாகவும் பகுக்கப்படும்; ஒரு சாமம் 6 நாழிகை, அதாவது 144 நிமிடம். வளர்பிறைப் பகலின் முதல் சாமத்தில் ஞாயிறும் செவ்வாயும் வல்லூறுக்கு ஊண். திங்களும் புதனும் ஆந்தைக்கு, வியாழன் காகத்துக்கு, வெள்ளி கோழிக்கு, சனி மயிலுக்கு. அடுத்தடுத்த சாமங்களில் அந்தப் பட்சி நடை, அரசு, துயில், சாவு என்று நகரும். இரவுக்கும் தேய்பிறைக்கும் வரிசையும் அளவும் வேறு. வளர்பிறைப் பகல் கைவந்த பிறகு அவற்றைத் தொடுங்கள்.

ஒவ்வொரு சாமத்துக்குள்ளும் இந்த ஐந்து தொழில்களும் மீண்டும் உட்பிரிவாக வரும். வளர்பிறைப் பகலில் ஊணுக்கு 30 நிமிடம், நடைக்கு 36, அரசுக்கு 48, துயிலுக்கு 18, சாவுக்கு 12. துயில் வெறும் 18 நிமிடம் என்பதைக் கவனியுங்கள். தொடக்க நேரத்தில் இருபது நிமிடம் பிசகினால் ஒரு துயில் முழுதும் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

எனக்கு அதுதான் நேர்ந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் தங்கைக்குப் புதிய உலையைப் பற்றவைக்க நேரம் குறித்துக் கொடுத்தேன். அவள் வளர்பிறை ரோகிணி, ஆகவே வல்லூறு. நாள் வைகாசி வளர்பிறை ஞாயிறு. ஓமலூருக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டு மாடியில் நின்று, சேர்வராயன் மலைக்கு மேலே சூரியன் தலைகாட்டிய 6.15 மணியை உதயம் என்று எழுதிக்கொண்டேன். அதன்படி அரசு 7.21 முதல் 8.09 வரை இருந்ததால் எட்டு மணிக்குப் பற்றவைக்கச் சொன்னேன். மறுநாள் பஞ்சாங்கத்தைப் புரட்டியபோதுதான் அன்றைய உதயம் 5.55 என்று தெரிந்தது. உண்மையில் அரசு 7.49க்கே முடிந்து, எட்டு மணிக்கு வல்லூறு துயிலில் இருந்திருக்கிறது. தங்கை என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை; ஆயினும் நம்பிக் கேட்டவளுக்குத் தவறான நேரம் கொடுத்ததை எண்ணி நான் வெகுநாள் வருந்தினேன். மலை மறைப்பது சூரியனை மட்டுமே, உதயத்தை அன்று. கண்ணால் கண்ட நேரத்தை ஒருபோதும் எழுதாதீர்கள்.

காலை ஆறு மணியை நிலையான உதயமாகக் கொள்ளும் கைபேசிச் செயலிகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. சேலத்தில் உதயம் வைகாசியில் ஆறுக்குச் சில நிமிடம் முன்பும், தை நடுவில் ஏறத்தாழ 6.40க்கும் நிகழ்கிறது. தை மாத வளர்பிறை ஞாயிறு ஒன்றில் ஆறு மணிக் கணக்குப்படி 8.10க்கு வல்லூறு துயிலில் இருக்கும், 6.40 கணக்குப்படி அதே நேரத்தில் அரசில் இருக்கும். பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டது என்றும் பாருங்கள். சென்னை உதயமாக இருந்தால் பருவத்துக்கேற்ப 6 முதல் 11 நிமிடம் வரை கூட்டினால்தான் சேலத்துக்குப் பொருந்தும். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். உதயத்தை முதல் கட்டத்தில் எழுதி 30, 36, 48, 18, 12 என்று கூட்டிக்கொண்டே போனால் நேரங்கள் உங்கள் கையெழுத்திலேயே மனத்தில் பதியும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஏற்காட்டு வாசகர் ஒருவர், மலைமேல் சூரியன் முன்னதாகவே தெரிகிறதே, அதைக் கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். கிழக்கே தடையின்றித் தாழ்ந்த சமவெளி தெரியும் முனைகளில் மூன்று நான்கு நிமிடம் முன்னதாகத் தெரிவது உண்மைதான். எனினும் எங்கள் வீட்டு மாடிக்குச் சொன்னதுதான் அங்கும்: சேலத்துக்குரிய பஞ்சாங்க உதயத்தையே கொள்ளுங்கள். வேலையை அந்தப் பிரிவு தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து ஆரம்பித்து, முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே நிறுத்திவிட்டால் இந்தச் சிறு வேறுபாடு எந்தப் பக்கமும் உங்களைத் தொடாது.