மதுரை வெயிலில் கிட்டார் பாடி ஒட்டும்போது

கிட்டார் செய்யக் கற்றுத்தரும் வெளிநாட்டு வீடியோக்களில் பசையைப் பூசிவிட்டு நிதானமாகப் பேசிக்கொண்டே கிளாம்ப் எடுப்பார்கள். சித்திரை மாதத்தில் மதுரை மொட்டைமாடி ஷெட்டில், ஃபேனுக்கு அடியில் அப்படிச் செய்தால் பலகையை வைப்பதற்குள் பசை ஆடை கட்டிவிடும். ஃபேனை நிறுத்துங்கள், விடியற்காலையில் ஒட்டுங்கள்.

ஆனால் பசை இரண்டாவது கவலைதான், முதல் கவலை காற்றின் ஈரப்பதம். மரம் நார் ஓடும் திசையில் நீளுவதும் சுருங்குவதும் மிகக் குறைவு, குறுக்கே அப்படியில்லை. டாப் பலகைக்கு (முன்பலகை) அடியில் பிரேஸ்கள் எனும் தாங்கு சட்டங்கள் நாருக்குக் குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால் பலகை சுருங்கப் பார்த்தாலும் பிரேஸ் விடாது, கடைசியில் பலகைதான் பிளக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒட்டிய பாடி, அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்து வெயிலில் நாரோடு விரிசல் விடுவது இதனால்தான். வறண்ட நேரத்தில் ஒட்டியதோ மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பும், வெயிலில் இறங்கிவிடும். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி, அறை 45 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டுமென்றால் ஏசி அறைதான் வழி, மரமும் பல நாள் அங்கேயே கிடக்க வேண்டும்.

பசை எது? லேசான ஸ்டீல் கம்பிகளே மொத்தமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். சாதாரண வெள்ளை ஃபெவிகால் கட்டில் பீரோவுக்குப் போதும், ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டார் கிடந்தால் அது இளகி, இழுவிசைக்கு மெல்ல நகர ஆரம்பிக்கும். மஞ்சள் நிற டைட்பாண்ட் ஒரிஜினல் என் தேர்வு. பழைய ஆசாரிகள் வைத்திருந்த, விலங்குத் தோலில் காய்ச்சிய வஜ்ரமும் அருமையான பசைதான்; தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி வாக்கில் உருக்க வேண்டும், நம் ஊர் வெக்கையில் அது சீக்கிரம் உறையாது என்பது கூடுதல் வசதி.

கிளாம்ப் கடையில் வாங்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் த்ரெட் ராடை (முழுக்க மரை போட்ட கம்பி) ஐந்தாக வெட்டி, ஒவ்வொன்றிலும் துளை போட்ட இரண்டு மர வில்லைகளும், ஒரு முனையில் சாதா நட்டும், மறுமுனையில் விரலால் திருகும் விங் நட்டும் போட்டால் ஐந்து கிளாம்ப். முப்பது செய்துகொள்ளுங்கள். மரத்தைத் தொடும் பக்கத்தில் பழைய ஹவாய் செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டி ஒட்டினால் மென்மையான ஸ்ப்ரூஸ் மரப் பலகையில் தழும்பு விழாது.

டாப்பை முதலில் ஒட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி. பின்பக்கம் திறந்திருப்பதால் லைனிங்கில் (பக்கப் பலகையின் உள்விளிம்பில் ஓடும் மரப்பட்டை) பசை பிடித்திருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்க்கலாம், வழிந்ததையும் துடைக்கலாம். அதற்கு முன் பசையே இல்லாமல் ஒரு முறை முழுசாக கிளாம்ப் போட்டுப் பார்ப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள். பிரேஸ் முனைகள் லைனிங்கில் வெட்டிய பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும், நடுக்கோடு கழுத்து சேரும் நெக் பிளாக்கிலும் அடிமுனையில் உள்ள டெயில் பிளாக்கிலும் ஒத்துப்போக வேண்டும், எங்காவது இடைவெளி தெரிந்தால் கிளாம்பை முறுக்கி மூடாமல் லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். வலுக்கட்டாயமாக மூடிய இடம் பிற்பாடு திறக்கத்தான் பார்க்கும்.

அப்புறம் லைனிங் மீது மட்டும் பசையை பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசுங்கள். கையில் ஐந்து நிமிடம்கூட இருக்காது, அதனால் இரண்டு பேர் நிற்பது நல்லது. முதலில் நெக் பிளாக், அடுத்து டெயில் பிளாக், பிறகு இடுப்பு, அதன்பின் எதிரெதிராக மாறி மாறி. விரல் பலம் போதும், பிளையர் வேண்டாம். விளிம்பு முழுக்க பசை சின்னச் சின்ன முத்தாக எட்டிப் பார்த்தால் அழுத்தம் சரி. எங்காவது முத்து இல்லையென்றால் அங்கே இன்னொரு கிளாம்ப். அரை மணி நேரத்தில் வழிந்த பசை ரப்பர் பதத்துக்கு வரும், அப்போது உளி முனையால் நெம்பினால் நாடா மாதிரி உரிந்து வந்துவிடும். காய்ந்தபின் சுரண்டினால் நாரும் சேர்ந்து வரும்.

பின்பலகைக்கும் இதே முறைதான், பசை மட்டும் இன்னும் சிக்கனமாக. ஈட்டி மரம் என்றால் எண்ணெய்ப் பசை இருக்கும், ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் தொட்ட துணியால் விளிம்பைத் துடைத்து உலரவிடுங்கள். கிளாம்ப் போதவில்லையென்றால் பழைய சைக்கிள் ட்யூபை நீளமான பட்டையாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றலாம். அழுத்தம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும்.

கிளாம்பை ஒரு மணி நேரத்தில் கழற்றலாம் என்று பசை டப்பாவில் போட்டிருந்தாலும் நான் மறுநாள் வரை விட்டுவிடுவேன். கழற்றியதும் சவுண்ட் ஹோலுக்குள் ஒரு எல்இடி பல்பை விட்டு, அறையை இருட்டாக்கி, ஓரம் முழுக்க ஒரு சுற்று பாருங்கள். எங்காவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே பசையை விரலால் தேய்த்து உள்ளே தள்ளி மறுபடி கிளாம்ப் போடலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை இந்தச் சோதனை முடிந்தபிறகு வெட்டினால் போதும்.