டைம்ஷேர் வாரத்தை குடுத்துட்டு வேற இடத்துல தங்கறது எப்படி

டைம்ஷேர் (ஒரு ரிசார்ட்ல வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கற உரிமை) விக்கறவங்க "இந்த ஒரு வாரம் இருந்தா போதும் சார், உலகத்துல எங்க வேணா மாத்திக்கலாம்"னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குவாங்க. மாத்திக்கலாம்ங்கறது உண்மைதான், ஆனா இது பண்டமாற்று. நீங்க குடுக்கற வாரத்துக்கு எவ்வளவு கிராக்கி, அதை எவ்வளவு சீக்கிரம் குடுக்கறீங்க, இந்த ரெண்டை வச்சுதான் உங்களுக்கு என்ன கெடைக்கும்னு முடிவாகும். யாரும் குடுக்காத வாரம் அங்க இருக்கவே இருக்காது, நீங்க எவ்வளவு பீஸ் கட்டினாலும் சரி.

முதல்ல உங்க கையில என்ன இருக்குன்னு பாருங்க. பிக்ஸட் வாரமா (வருஷா வருஷம் அதே வார நம்பர்), ப்ளோட்டிங்கா (சீசனுக்குள்ள நீங்களே தேதி எடுக்கணும்), இல்ல பாயின்ட்ஸான்னு (வாரத்துக்குப் பதிலா புள்ளிக் கணக்கு) அக்ரிமென்ட்ல இருக்கும். வாரத்துக்கு 1ல இருந்து 52 வரைக்கும் நம்பர் இருக்கு, சில வருஷம் 53ம் வரும். 51, 52ன்னா கிறிஸ்துமஸ், புது வருஷம், அதனால மவுசு ஜாஸ்தி. சீசனுக்கு கலரும் உண்டு, வாரத்தை மாத்திக் குடுக்கற எக்ஸ்சேஞ்ச் கம்பெனிகள்ல, ஆர்சிஐல சிவப்பு, வெள்ளை, நீலம், இன்டர்வல் இன்டர்நேஷனல்ல சிவப்பு, மஞ்சள், பச்சை. ரெண்டுலயும் சிவப்புதான் ஒசத்தி, ஆனா கலரை மட்டும் நம்பி உக்காராதீங்க, சில ஊர்ல வருஷம் பூரா சிவப்புன்னு போட்டு வச்சிருப்பாங்க, அதுக்குள்ளயே ஸ்கூல் லீவு வாரத்துக்கும் ஆளே வராத வாரத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ப்ளோட்டிங் வச்சிருக்கவங்களுக்கு இதுல ஒரு லாபம், புக்கிங் திறந்த அன்னைக்கே நல்ல வாரமா எடுத்து அதையே குடுக்கலாம், ரிசார்ட்டே பாத்து ஏதோ ஒரு வாரத்தை போடட்டும்னு விட்டீங்கன்னா மிச்சம் மீதிதான் போடுவாங்க.

பெரிய எக்ஸ்சேஞ்ச் கம்பெனி ரெண்டுதான், 1974ல ஆரம்பிச்ச ஆர்சிஐ, 1976ல ஆரம்பிச்ச இன்டர்வல். உங்க ரிசார்ட் எதோட சேந்திருக்கோ அதுலதான் மெம்பர் ஆக முடியும், சில ரிசார்ட் ரெண்டுலயும் இருக்கும். சின்னச் சின்ன தனி கம்பெனிகளும் இருக்கு, பீஸ் கம்மி, மெம்பர்ஷிப் கூட பல இடத்துல ஃப்ரீ, ஆனா அவங்ககிட்ட இருக்கற வாரமும் கம்மி. அதுக்கெல்லாம் முன்னாடி மெயின்டனன்ஸ் பீஸ் (ரிசார்ட்டுக்கு வருஷா வருஷம் கட்டற பராமரிப்புக் காசு) கட்டிடுங்க, பாக்கி இருந்தா ரிசார்ட் உங்க வாரத்தை ரிலீஸ் பண்ணாது.

அடுத்தது டெபாசிட், அதாவது உங்க வாரத்தை எக்ஸ்சேஞ்ச் கம்பெனிகிட்ட ஒப்படைக்கறது, இங்கதான் பாதி பேர் கோட்டை விடறாங்க. ஆர்சிஐல செக்-இன் தேதிக்கு 9 மாசம் முன்னாடியே போட்டா முழு ட்ரேடிங் பவர் (உங்க வாரத்தோட மாத்து மதிப்பு) கெடைக்கும், அதுக்கப்புறம் நாள் நெருங்க நெருங்க குறைஞ்சுகிட்டே வரும். போடறதுக்கு முன்னாடியே எவ்வளவு கெடைக்கும்னு அவங்க சைட்டுல உள்ள கால்குலேட்டர்ல பாத்துக்கலாம். அந்த நம்பர்தான் உங்க காசுன்னு வச்சுக்கங்க, உதாரணத்துக்கு உங்க வாரத்துக்கு 28 கெடைச்சுது, நீங்க பாத்த எடத்துக்கு 15தான் வேணும்னா மீதி 13 உங்க கணக்குலயே இருக்கும், அதை வச்சு இன்னொரு வாரம் எடுக்கலாம் (ரெண்டாவது தடவையும் எக்ஸ்சேஞ்ச் பீஸ் தனியா கட்டணும்). தலைகீழா, உங்ககிட்ட 12 இருந்து கேக்கற எடத்துக்கு 30 வேணும்னா, ரெண்டு மூணு டெபாசிட்டை ஒண்ணா சேக்கலாம், அதுக்கும் ஒரு பீஸ்.

இன்டர்வல்ல ரெண்டு வழி. முதல்ல டெபாசிட் பண்ணிட்டு அப்புறம் தேடறது ஒண்ணு, வாரத்தை கையிலயே வச்சுகிட்டு முதல்ல ரிக்வெஸ்ட் போடறது இன்னொண்ணு. ரெண்டாவதுல கேட்டது கெடைக்கலைன்னா உங்க வாரம் உங்ககிட்டயே இருக்கும், போய் தங்கிக்கலாம், ஆனா உங்க வாரத்தோட தேதியிலயோ அதுக்கு முன்னாடியோ பயணம் போகணும், அதுக்கு மேல தள்ள முடியாது. டெபாசிட் பண்ணிட்டா உங்க தேதிக்கு முன்னாடி 2 வருஷம், பின்னாடி 2 வருஷம்னு நிறைய இடம் கெடைக்கும். செக்-இன்னுக்கு 60 நாளுக்கும் கம்மியா இருக்கும்போது டெபாசிட் பண்ணா கடைசி நேர எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான், அதாவது 59 நாளுக்குள்ள வர்ற தேதிகள்ல மிச்சம் இருக்கறதுதான். ஆனா அந்த கடைசி நேர ஜன்னலே மவுசு கம்மியான வாரம் வச்சிருக்கவங்களுக்கு வரப்பிரசாதம், அப்ப ட்ரேடிங் பவரை அவ்வளவா பாக்க மாட்டாங்க, பெட்டியக் கட்டி வச்சுகிட்டு சட்டுனு கெளம்பத் தெரிஞ்சவங்களுக்கு ஸ்டூடியோவ (ஒரே ரூம் யூனிட்) குடுத்து ரெண்டு பெட்ரூம் கூட மாட்டும்.

லாக்-ஆஃப் யூனிட் வச்சிருக்கீங்களா? நடுவுல கதவு பூட்டி ரெண்டா பிரிக்கற மாதிரி இருக்குமே, அது. ரிசார்ட் ஒத்துகிட்டா ரெண்டு பாதியையும் தனித்தனியா டெபாசிட் பண்ணி ரெண்டு வாரமா ஆக்கிக்கலாம், மெயின்டனன்ஸ் ஒண்ணுதான்.

தேடறப்போ ஆன்லைன்ல உடனே தெரியறதை மட்டும் பாத்துட்டு "ஒண்ணுமே இல்ல"ன்னு மூடிடாதீங்க. நல்ல வாரம் பெரும்பாலும் வெளியவே வராது, ஏற்கனவே ரிக்வெஸ்ட் போட்டு க்யூல நிக்கறவங்களுக்கு அப்படியே போயிடும். அதனால ஒரு வருஷம் முன்னாடியே ரிக்வெஸ்ட் போட்டு வைங்க. ஒரே ரிசார்ட், ஒரே தேதின்னு கேட்டா காத்துகிட்டே இருக்க வேண்டியதுதான், அந்த ஏரியால உங்களுக்குப் பிடிச்ச அத்தனை ரிசார்ட்டையும் போடுங்க, வெள்ளி, சனி, ஞாயிறு மூணு செக்-இன்னும் வர்ற மாதிரி தேதிய அகலமா குடுங்க. ஆனா போகவே விருப்பமில்லாத ரிசார்ட்டை லிஸ்ட்ல சேக்காதீங்க, கெடைச்சா சில சமயம் தானாவே கன்ஃபர்ம் ஆகி பீஸும் போயிடும். எடம் விஷயத்துல கொஞ்சம் யதார்த்தமா இருங்க, ஆர்லாண்டோல ரிசார்ட் கொட்டிக் கெடக்கு, லீவு சீசன் தவிர எப்பவும் கெடைக்கும், நியூயார்க், ஹவாய், பிப்ரவரி மாச ஸ்கீ மலை, ஆகஸ்ட் மாச ஐரோப்பா கடற்கரைன்னா வலுவான வாரமும் வேணும் பொறுமையும் வேணும்.

ஓகே சொல்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க. மெயின்டனன்ஸ் பீஸ், எக்ஸ்சேஞ்ச் பீஸ், வருஷ மெம்பர்ஷிப் எல்லாத்தையும் கூட்டிட்டு, அதே ரிசார்ட் அதே வாரம் காசுக்கே வாடகைக்கு என்ன விலைன்னு பாருங்க. எக்ஸ்சேஞ்ச் கம்பெனிங்களே மிச்ச வாரத்தை மெம்பர்களுக்கு காசுக்கு விக்கறாங்க, ஆஃப் சீசன்ல அது சில சமயம் உங்க மெயின்டனன்ஸை விட மலிவா இருக்கும். அப்படி இருந்தா காசு குடுத்து போய்ட்டு வாங்க, உங்க டெபாசிட்டை கிராக்கியான எடத்துக்கு வச்சுக்கங்க.

யூனிட் விவரத்துல 6/4ன்னு போட்டிருந்தா 6 பேர் தூங்கலாம், ஆனா தனிமையா 4 பேருக்குத்தான், மீதி ரெண்டு பேர் ஹால்ல சோபா பெட்லன்னு அர்த்தம். கிச்சன் ஃபுல்லா பார்ஷியலா, ரிசார்ட் பீஸ் தனியா உண்டா, சாப்பாட்டோட சேந்த ஆல்-இன்க்ளூசிவ் கட்டாயமா, இதையும் பாருங்க, அந்த ஆல்-இன்க்ளூசிவ் ஆளுக்கு இவ்வளவு நாளுக்கு இவ்வளவுன்னு வரும், சில எடத்துல தங்கறதை விட அதுதான் பெரிய பில். "நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான்"ங்கற மாதிரி ரூல் வச்சிருக்கற ரிசார்ட்டும் உண்டு, போன வருஷம் போனவங்க மறுபடி கேட்டா கெடைக்காது. நீங்க போகாம சொந்தக்காரங்கள அனுப்பணும்னா கெஸ்ட் சர்டிபிகேட் வாங்கணும், எக்ஸ்சேஞ்ச்ல வந்த வாரத்தை வாடகைக்கு விடறதுக்கு அனுமதி கெடையாது, மாட்டினா மெம்பர்ஷிப்பே போயிடும்.

கன்ஃபர்மேஷன் வந்ததும் ரிசார்ட்டுக்கு நேரா ஒரு போன் போட்டு உங்க பேர் ஏறியிருக்கான்னு கேட்டுக்கங்க. போய் எறங்குனதும் சாவி ஒரு கவுன்டர்ல குடுத்துட்டு, கார் பார்க்கிங் பாஸுக்கு பக்கத்து டேபிளுக்குப் போங்கம்பாங்க, அங்க சிரிச்ச முகமா உக்காந்திருக்கறவங்க பெரும்பாலும் சேல்ஸ் ஆளுங்க, "சும்மா ஒரு 90 நிமிஷம், ப்ரேக்ஃபாஸ்ட் எங்க செலவு"ன்னு ஆரம்பிப்பாங்க. பாஸை மட்டும் வாங்கிகிட்டு நகந்துடுங்க.