குச்சி, பாட்டில், கிண்ணம்: ஆதிகாலக் கடிகாரங்களை நீங்களே செய்வது எப்படி

கடிகாரத்தின் கதையைப் படித்துத் தெரிந்துகொள்வதை விட, செய்து தெரிந்துகொள்வது சுலபம். ஒரு நேரான குச்சி, ஒரு பிளாஸ்டிக் பாட்டில், நூல், ஒரு சின்னக் கிண்ணம், முழுசாக வெயில் அடிக்கிற ஒரு நாள், இவ்வளவு போதும். 3,400 வருடங்களுக்கு முன் எகிப்தியர்கள் எந்த இடத்தில் திணறினார்கள், அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பது உங்கள் கைக்கே புரிந்துவிடும்.

முதலில் குச்சி. முழங்கை நீளம் இருந்தால் நல்லது. நாள் முழுக்க வெயில் விழும் சமதரையில் நடுங்கள். கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் சரிபாருங்கள். குச்சி கொஞ்சம் சாய்ந்தாலும் எல்லாமே தப்பாகிவிடும். அப்புறம் குச்சியின் அடியை மையமாக வைத்து நூலால் ஒரு வட்டம் போடுங்கள், உச்சிவேளை நிழலைவிட வட்டம் பெரிதாக இருக்க வேண்டும். காலையில் நிழல் வட்டத்துக்கு வெளியே நீண்டு கிடக்கும், வெயில் ஏற ஏறச் சுருங்கி அதன் நுனி ஓர் இடத்தில் வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும். அங்கே ஒரு கூழாங்கல் வையுங்கள். பிற்பகலில் நுனி வட்டத்தைத் தாண்டி வெளியே போகும் இடத்தில் இன்னொன்று. இரண்டு கல்லையும் இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாகக் குச்சியடி வழியே ஒரு கோடு இழுத்தால் வடக்கு தெற்கு. நிழல் அந்தக் கோட்டின் மேல் விழுகிற நேரம்தான் உச்சிவேளை.

அந்த நேரத்தில் கைபேசியைப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக 12 காட்டாது. குச்சி மேல் சந்தேகப்படாதீர்கள். கைபேசி காட்டுவது நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு தீர்க்கரேகையின் நேரம், நீங்கள் அதிலிருந்து ஒரு பாகை தள்ளி இருந்தால் 4 நிமிடம் வித்தியாசம். அது போக, பூமி சூரியனைச் சுற்றும் வேகம் வருடம் முழுக்க ஒரே மாதிரி இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் நவம்பர் தொடக்கத்தில் சூரியக் கடிகாரம் சுமார் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தும்.

செங்குத்துக் குச்சியைச் சுற்றி மணிக்கு ஒரு கல் வைத்தால் இன்றைக்குச் சரியாக இருக்கும், இரண்டு மாதம் கழித்துத் தப்பும். இதைச் சரிசெய்ய, குச்சியைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்க்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, தரையிலிருந்து அத்தனை பாகை, வடக்கு நோக்கி (பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவர்கள் தெற்கு நோக்கி). அந்தக் குச்சியில் ஒரு வட்ட அட்டையைச் செங்குத்தாகக் கோர்த்து, 15 பாகைக்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மணி நேரம். அட்டையின் இரண்டு பக்கமும் கோடு வேண்டும், ஏனென்றால் மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை வடக்குப் பார்த்த பக்கத்தில்தான் வெயில் விழும், மீதி மாதங்களில் தெற்குப் பக்கத்தில்.

எகிப்தில் மன்னர்களின் பள்ளத்தாக்கில், அங்கே கல்லறை வெட்டிய வேலையாட்களின் குடிசைகள் இருந்த இடத்தில், 2013இல் ஒரு சுண்ணாம்புக்கல் துண்டு கிடைத்தது. அதில் ஓர் அரைவட்டம், அதைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கோடுகள், குச்சி செருக ஒரு துளை. 3,000 வருடத்துக்கும் மேல் பழசு. ராஜா வீட்டுப் பொருள் இல்லை, உடைந்த கல்லில் யாரோ கையால் கிழித்த கோடு. நீங்கள் அட்டையில் கோடு போடும்போது அந்தக் கையை நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பாக இருக்கிறது.

சரி, இரவில் என்ன செய்வது? தண்ணீர்தான்.

பக்கங்கள் நேராக இருக்கிற பாட்டிலை எடுத்து மேல்பகுதியை வெட்டிவிடுங்கள். அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில், சுடவைத்த ஊசியால் ஒரு துளை. துளையைச் சின்னதாகவே தொடங்குங்கள், பெரிதாக்குவது சுலபம், சின்னதாக்குவது கஷ்டம். வடிகட்டிய தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு தூசி வந்து அடைத்துக்கொள்ளும். பாட்டிலின் பக்கத்தில் டேப் ஒட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும்: மேலே அகலமாக விழும் கோடுகள் கீழே வர வர நெருங்கிவிடும். முதலில் பீய்ச்சி அடித்த தண்ணீர் மெல்ல வளைந்து, கடைசியில் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கும். தண்ணீர் உயரமாக இருக்கும்போது அழுத்தம் அதிகம், வேகமும் அதிகம். கணக்குப்படி, துளை வரை வடிய ஆகும் மொத்த நேரத்தில் பாதி போனபோதே முக்கால்வாசித் தண்ணீர் போயிருக்கும்.

எகிப்தியர்கள் திணறியது இங்கேதான். கர்னாக் கோயிலில் கிடைத்த, மன்னர் மூன்றாம் அமென்ஹோட்டெப் காலத்து நீர்க் கடிகாரம் வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம். மேலே வேகமாகப் போகும் இடத்தில் தண்ணீர் அதிகம் இருக்கும், கீழே மெதுவாகப் போகும் இடத்தில் குறைவு, ஆகவே மட்டம் கிட்டத்தட்ட ஒரே சீராக இறங்கும். பாட்டிலுக்குப் பதில் ஒரு சின்ன வாளியில் துளை போட்டுப் பாருங்கள், கோடுகளின் இடைவெளி எவ்வளவு சமமாகிறது என்று தெரியும்.

இதைவிட நல்ல வழி கிமு 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தெசிபியஸ் என்ற கிரேக்கக் கண்டுபிடிப்பாளர் பெயரில் சொல்லப்படுகிறது. துளை போட்ட பாட்டிலின் மேல் விளிம்புக்குக் கீழே இன்னொரு பெரிய துளை போட்டு, குழாயிலிருந்து எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் விடுங்கள். மிச்சம் அந்தத் துளை வழியே வழிந்துவிடும், மட்டம் மாறாது, அழுத்தமும் மாறாது. அடித்துளையில் வருவதை நேரான இன்னொரு பாட்டிலில் பிடித்தால் அதில் ஏறும் மட்டம்தான் கடிகாரம். கோடுகள் சமமாக விழும். குளிரில் மட்டும் தண்ணீர் மெதுவாக வடியும், அதை மறக்காதீர்கள்.

கிண்ணம் இன்னும் எளிது, எனக்குப் பிடித்ததும் இதுதான். மெல்லிய உலோகக் கிண்ணத்தின் அடியில் ஊசித்துளை போட்டு, வாளித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். தண்ணீர் கீழிருந்து நூல் போல ஏறும், விளிம்பு தண்ணீரைத் தொட்டதும் கிண்ணம் சட்டென்று அமிழ்ந்துவிடும். அது 24 நிமிடத்தில் மூழ்கும்படி துளையைச் சரிசெய்தால் உங்களிடம் இருப்பது நாழிகை வட்டில், நாளுக்கு 60 முறை. சீக்கிரம் மூழ்கினால் துளையில் ஒரு துளி மெழுகு விட்டு மறுபடி குத்துங்கள்.

தண்ணீரும் இல்லாமல் வேண்டுமென்றால், நூலில் ஒரு கனமான நட்டைக் கட்டி, கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 99 செ.மீ. இருக்கும்படி தொங்கவிட்டு லேசாக ஆட்டுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஒரு வினாடி. 1656இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் இப்படி ஆடும் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்திய பிறகு, நாளுக்குக் கால் மணி நேரம் போலத் தவறிக்கொண்டிருந்த கடிகாரங்களின் பிழை சுமார் 15 வினாடிக்கு இறங்கியது. 60 ஆட்டம் ஒரு நிமிடத்துக்கு முன்பே முடிந்துவிட்டால் நூலை ஒரு நூலளவு நீட்டுங்கள், பிந்தினால் குறையுங்கள். வேகமாக ஆட்டிப் பயனில்லை, நீளம்தான் நேரம்.