காப்பகங்களைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய நகரங்களில் வீடற்றவர்களுக்கான இரவுத் தங்குமிடம், முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கான இல்லம் என்று எத்தனையோ இயங்குகின்றன. போய்ப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் போகிறார்கள். ஆனால் நாம் பார்க்கப் போவது சிலர் குடியிருக்கும் இடம் என்பது உள்ளே நுழைந்ததும் பலருக்கு மறந்துவிடுகிறது.

முதல் தவறு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது. இங்கெல்லாம் ஆட்கள் எப்போதும் குறைவு. உங்களுக்குச் சுற்றிக்காட்ட வருபவர் யாரோ ஒருவருக்கு மருந்து கொடுப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். முன்கூட்டியே பேசி, எந்த நேரம் தோதுப்படும், எத்தனை பேர் வரலாம் என்று கேளுங்கள். ‘இப்போது வேண்டாம்’ என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். பெண்களுக்கான பாதுகாப்பு இல்லங்கள் பலவும் முகவரியையே வெளியிடுவதில்லை, அடித்துத் துரத்தியவனே தேடிக்கொண்டு வருவான் என்பதால். அங்கே போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்று வற்புறுத்துவது உதவியே இல்லை.

அடுத்தது கைப்பேசி. ‘முகத்தை மறைத்துத்தானே போடுகிறேன்’ என்பார்கள். முகத்தை மறைத்தாலும் பின்னால் தெரியும் பெயர்ப்பலகை, பள்ளிச் சீருடை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம் எல்லாம் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கைப்பேசியில் இருப்பிடப் பதிவு (லொகேஷன்) இயங்கிக்கொண்டிருந்தால் படக் கோப்புக்குள்ளேயே அந்த இடத்தின் குறியீடு பதிந்திருக்கும். அனுமதி கேட்டு எடுத்தால் போதாதா? போதாது என்பது என் கருத்து. உணவுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஒரு படம் எடுக்கட்டுமா’ என்று கேட்டால், மறுக்கும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? கைப்பேசியை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. படம் தேவையென்றால் நிர்வாகத்திடம் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

‘நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள்?’ என்ற கேள்வியும் வேண்டாம். பத்து பேர் வந்தால் பத்து தடவையும் அந்தக் காயத்தைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே போய்ச் சொல்லாதீர்கள்.

குழந்தைகள் காப்பகம் தனிக் கதை. அரை நாள் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு, ‘மறுபடி வருவேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஏற்கெனவே பெரியவர்கள் விட்டுவிட்டுப் போன குழந்தைக்கு இது இன்னொரு பிரிவு. வரப்போவதில்லை என்றால் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இப்படிப்பட்ட நிறுவனங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாய் தந்தையரில் ஒருவரோ இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள் என்று, குழந்தைகள் நலனுக்காகப் பல நாடுகளில் இயங்கும் சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இல் சொன்னது. கம்போடியா போன்ற நாடுகளில், பார்க்க வருகிறவர்கள் தரும் பணத்துக்காகவே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் இல்லங்கள் உருவாகின. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது, இதையும் அந்த அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகப் பார்த்தது. ஆகவே, நீங்கள் யார், என்ன என்று விசாரிக்காமல் நேரே குழந்தைகளிடம் கூட்டிப்போகும் இடத்தைக் கண்டால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். அடையாள அட்டை கேட்டு, ஊழியர் ஒருவரை உங்கள் கூடவே நிற்க வைக்கும் இடம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதற்குப் போய்க் கோபித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்!

பழைய துணி மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கிழிந்ததையும் சாயம் போனதையும் பிரித்து ஒதுக்குவதற்கே அங்கே ஓர் ஆள் வேண்டியிருக்கும். என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். தனிப்பட்ட ஒருவர் கையில் பணத்தைத் திணிக்காதீர்கள். நீங்கள் போன பிறகு அது உள்ளே சண்டையாகும். ரசீது தருகிறார்களா, கணக்கைத் தணிக்கை செய்கிறார்களா என்று தயங்காமல் விசாரிக்கலாம், ஒழுங்கான இடத்தில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பணம் கொடுப்பதானால் ‘இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்’ என்று கட்டிப்போடாமல் கொடுங்கள். மின் கட்டணத்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் நன்கொடை கிடைப்பதுதான் அவர்களுக்கு எப்போதும் கஷ்டம்.