சபையின் வாய்மொழி வரலாற்றுக்கு நிதி திரட்டுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய ஆலயம் ஒன்றுக்குப் புதிய கோபுரம் எழுப்ப வேண்டுமென்றால் பணம் சேர்ந்துவிடுகிறது. அதே ஆலயத்தின் கதையை அறிந்த தொண்ணூறு வயது மூதாட்டியின் குரலைப் பதிவுசெய்யப் பணம் கேட்டால், செல்போனில் பதிந்தால் போதாதா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. இதற்குக் கணக்கோடு விடை சொல்லக்கூடிய சபையே நிதி திரட்ட முடியும்.

முதலில், இந்தப் பதிவு ஏன் தேவை என்பதை விண்ணப்பத்தில் நிறுவ வேண்டும். மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று வந்த லண்டன் மிஷன் சங்க மிஷனரி ரிங்கல்தௌபே 1809-இல் அவ்வூரில் ஆலயம் எழுப்பியதும், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859-இல் திருவிதாங்கூர் அரசு ஆணை பிறப்பித்ததும் ஏட்டில் உள்ளன. லண்டன் மிஷன் சங்கத்தின் கடிதங்கள் லண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் மிஷனரிகள் எழுதியவை. ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் எந்தத் துணிவில் சபைக்குள் வந்தன, அதற்காக எதை இழந்தன என்பதை அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் சொல்ல முடியும். உங்கள் சபையில் அவ்வாறு சொல்லக்கூடியோர் எத்தனை பேர், அவர்களின் வயது என்ன என்ற பட்டியலே விண்ணப்பத்தின் வலுவான பக்கமாக அமையும்.

அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளின் அனுபவம் இங்கே பயன்படும். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தென் மாநிலங்கள் பலவற்றில் சட்டமே தடுத்ததால், அவர்களின் வழிபாட்டு வரலாற்றில் பெரும்பகுதி வாய்மொழியாகவே தங்கியது. 1936 முதல் 1938 வரை அந்நாட்டு அரசின் எழுத்தாளர் திட்டம், அடிமைகளாக இருந்தவர்களின் 2,300-க்கும் மேற்பட்ட நினைவுகளைப் பதிவுசெய்தது. 2022-இல் அங்குள்ள வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, லில்லி அறக்கட்டளையின் 2 கோடி டாலரைக் கொண்டு கறுப்பினத் திருச்சபைகளைப் பாதுகாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பணம் அவர்களுக்கே உரியது. நாம் கற்க வேண்டியது, கட்டடப் பழுதுபார்ப்போடு வரலாற்றை எடுத்துரைக்கும் பணிக்கும் அங்கே இடம் ஒதுக்கப்பட்ட முறையைத்தான். உங்கள் சபை ஆலயப் புதுப்பிப்புக்கு நிதிக்குழு அமைக்கும் அதே கூட்டத்தில், அந்நிதியின் ஒரு பங்கைப் பதிவுப் பணிக்கு ஒதுக்கும் தீர்மானத்தையும் நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து வரவுசெலவுத் திட்டம். நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் ஒலிவாங்கியும் ஒருமுறைச் செலவு. பெருஞ்செலவு எழுத்தாக்கத்தில்தான் இருக்கிறது: ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். மலையாளம் கலந்த விளவங்கோட்டுப் பேச்சும் கடற்கரை ஊர்களின் பேச்சும் கணினிக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஆகவே உள்ளூர் இளைஞருக்கு ஊதியம் கொடுத்தே செய்ய வேண்டும். இதைத் தன்னார்வப் பணி என்று எழுதிவிட்டால், ஒலிக்கோப்புகள் எவரும் கேட்காமல் வன்தட்டிலேயே கிடந்துவிடும்.

எங்கே கேட்பது? சபையிலிருந்தே தொடங்குங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பகுதியையும், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பிடியரிசிக் காணிக்கையையும் இதற்கெனக் கேட்கலாம். சபையே பணம் போட்டிருப்பதைக் காணும்போது வெளியாருக்கு நம்பிக்கை பிறக்கும். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் கேட்கும்போது ஒரு சட்ட வேறுபாட்டை மறக்கக் கூடாது. இந்தியக் குடியுரிமையுள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்புவதோ 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்படும். அதற்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அவ்வாறு பெற்ற பணத்தை ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடுவோர், கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியம், கலை, பண்பாட்டுப் பாதுகாப்பு இடம்பெற்றிருப்பதை மேற்கோள் காட்டலாம். மத அமைப்பின் பெயரில் விண்ணப்பித்தால் வரிவிலக்குச் சிக்கல் எழக்கூடும். மாவட்டக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஊர் வரலாற்றுப் பணியாக அதனை நடத்துவதே என் பார்வையில் சிறந்த வழி. பதிவுகளைப் பேணும் நூலகமும் அங்கேயே கிடைத்துவிடும்.

ஒப்புதல் படிவத்துக்கும் விண்ணப்பத்தில் தனி இடம் கொடுங்கள். பட்டியல் சாதிச் சான்றிதழ் கிறிஸ்தவர்களுக்கு வழங்கப்படுவதில்லை என்பதால், ஒரு முதியவர் மனம் திறந்து சொல்லும் குடும்பக் கதை அவருடைய பேரனின் படிப்பையோ வேலையையோ பாதிக்கக்கூடும். எனவே பெயரை மறைக்கவும், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை பதிவை மூடிவைக்கவும், பின்னர் மனம் மாறினால் திரும்பப் பெறவும் சொல்பவருக்கு உரிமை இருக்க வேண்டும்.

முதல் தவணையாகச் சிறு தொகையையே கேளுங்கள். அதில் மிகவும் மூத்த ஐந்து பேரின் பேச்சைப் பதிந்து, ஒன்றை முழுமையாக எழுத்தாக்கி, சொன்னவரின் வீட்டுக்கு ஒரு படியைக் கொடுத்த பின்னர், அவர் அனுமதித்த பகுதியை அடுத்த விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.