வயல்ல போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) போடுற வண்டி நிக்கும்போது ஆயில் மண்ணுல எறங்காம இருக்க

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் களிமண்ணு, ஈரமா இருந்தா வண்டியத் தாங்குற ஜாக்கி ஒரு பக்கம் உள்வாங்கிரும், அதனால முதல்ல அடியில கனமான பலகையோ இரும்பு பிளேட்டோ போட்டுருங்க. அப்புறம் டீசல் டிரம்முக்குக் கீழ ஓரம் தூக்கின தட்டு. டிரம் மொத்தமா கொட்டினாலும் தாங்கணும், மேல 10 சதவீதம் சேத்துக்கங்க, 200 லிட்டர்னா 220. நீளம் 2 மீட்டர், அகலம் ஒன்றரை, உயரம் 10 சென்டிமீட்டர்னா 300 லிட்டர் புடிக்கும், தாராளம்.

ஐப்பசி மழைதான் தலைவலி, 1 சென்டிமீட்டர் பேஞ்சாலே அந்த தட்டுல 30 லிட்டர் நின்னுரும், மேல தார்ப்பாய் கட்டுங்க. நின்ன தண்ணிய தயவுசெஞ்சு வாய்க்கால்ல சாய்ச்சுராதீங்க, மேல மிதக்குற ஆயில் அடுத்தவங்க நாத்துக்குத்தான் போகும், மரத்தூள் தூவி அள்ளி தனியா டப்பாவுல வைங்க. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஹோஸ் கசிவ கையால தடவி பாக்காதீங்க, பிரஷர்ல ஆயில் தோலுக்குள்ள பாஞ்சிரும், காகித அட்டைத் துண்ட காட்டி பாருங்க.